மடியில் கனம்

வயல் வட்டைக்கு நான் வெளிக்கிடும் நேரம் பார்த்து மாமா வாசலில் வந்து நிற்பார். வலது கை இடுப்பில் இருக்கும். சாரத்து மடியை இரண்டு தட்டுத் தட்டி, ஒரு தடவு தடவி, "எல்லாம் இரிக்கு மனே, நீ வண்டிய எடு" என்பார். என்ன இருக்கிறதென்று கேட்கக் கூடாது. கேட்டால் ஒரு சிரிப்புச் சிரிப்பார், அவ்வளவுதான்.

கல்குடாவிலிருந்து வாகரை வரைக்கும் ஊருக்கொரு மாமா இப்படி இருக்கிறார். சில ஊர்களில் இரண்டு பேர். அங்கே இரண்டு மடிகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நம்மட மாமா எழுபதைத் தாண்டியவர், போடியார் வீட்டுப் பிள்ளை. காணியெல்லாம் பங்கு பிரிந்து போய்விட்டது. அவர் பங்குக்கு மிஞ்சியது அந்த மடியும் அதைத் தட்டும் கையும்தான்.

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்று நம்மட ஆக்கள் சொல்லி வைத்தார்கள். மாமா அந்தப் பழமொழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டவர். கனம் இருந்தால்தான் அவருக்குக் கால் வரும். காட்டோரம் போகும்போது தட்டுகிறார், அது நியாயம். கோயிலில் அர்ச்சனைத் தட்டை வலக் கையால் வாங்க வேண்டும் என்பதற்காக இடக் கையை மடிக்கு மாற்றிக்கொள்கிறாரே, அதை என்ன சொல்வது? செத்த வீட்டில் பறை அடிக்கும்போதும் தட்டுகிறார். ஒருமுறை வாழைச்சேனையில் ஒரு வங்கி வாசலில் நின்று தட்டப் போக, காவலுக்கு நின்ற பொடியன் கதிரையை விட்டு எழும்பி மாமாவின் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். மாமாவுக்கு அன்றைக்கு வந்த பூரிப்பு! தன்னைக் கண்டு ஒருவன் எழும்பி நின்று எத்தனை வருஷம்!

பாசிக்குடாவில் எவ்வளவு தூரம் உள்ளே நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறாதென்று வெளியூர்க்காரர் ஆச்சரியப்படுவார்கள். மாமா ஆச்சரியப்படுவதில்லை. மடி நனையக் கூடாதென்றே கடவுள் அளந்து ஊற்றிய கடல் என்பது அவருடைய எண்ணம். பேரப்பிள்ளைகளைக் குளிக்கக் கூட்டிப்போனாலும், சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, வெள்ளைக்காரர் நடுவில், முழங்கால் தண்ணீரில் காவலுக்கு நிற்பார். எதற்குக் காவல்? சொறிமுட்டைக்காம்.

மாமா தட்டும் தட்டுகளில் வகை உண்டு. நாய்க்கு ஒரு தட்டு. இருட்டுக்கு இரண்டு. வழியில் ஆனை லத்தி கிடந்து, அதில் இன்னும் ஆவி பறந்தால் தட்டே கிடையாது. ஐந்து விரலாலும் மடியைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, "ஒண்டும் செய்யாது, நான் இரிக்கன்" என்பார். அந்த 'நான் இரிக்கன்' வந்துவிட்டால் நாம் திரும்ப வேண்டும் என்று அர்த்தம். திரும்ப விடுவாரா? அதுதான் கரைச்சல்.

இந்த மடிக்கு இப்போது வெளிநாட்டிலிருந்து வேறு உரம் போடுகிறார்கள். மாமாவின் அக்கா மகன் அமெரிக்காவில் இருக்கிறான். மலையேறப் போகும்போது நெஞ்சுக்குக் குறுக்கே வார் கட்டி, அதில் பிஸ்டலைச் செருகிக்கொண்டு நடக்கும் வீடியோவை அனுப்பிவிட்டான். கரடிக்காம். அங்கே 2010 பெப்ரவரியில் இருந்து, மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால், தேசியப் பூங்காவுக்குள்ளேயே துவக்கோடு போகலாம். மாமா அந்த வீடியோவை ஊரில் ஒரு வீடு மிச்சமில்லாமல் காட்டினார். "பாத்தியா மனே, அவன் நெஞ்சில கட்டியிரிக்கான். நான் மடியில. இடம்தான் வேற."

அதே கிழமை கனடாவில் இருக்கும் மருமகள் கதைத்தாள். அங்கே 2022 ஒக்டோபரில் இருந்து தனியாள் கைத்துப்பாக்கி வாங்குவதையும் விற்பதையுமே நிறுத்திவிட்டார்கள், நாங்கள் காட்டுக்கு நடக்கப் போனால் மிளகாய்க் காரம் அடைத்த ஸ்பிரேதான் கொண்டுபோகிறோம், கரடி கிட்ட வந்தால் மூஞ்சிக்கு அடிப்போம் என்றாள். மாமாவுக்கு முதலில் கோபம். "கரடிக்கு மிளகாய்த்தூளா? அது என்ன, கறி வைக்கிறியளா?" என்று போனை வைத்துவிட்டார். ஆனால் மறுநாள் மாமியின் குசினியில் மிளகாய்த்தூள் போத்தல் பாதியாகியிருந்தது. பங்குனி வெயில், மேட்டுக்காணி, மூன்று மைல் நடை. சொப்பின் பேக்கில் கட்டி மடியில் வைத்த தூள் எந்த இடத்தில் அவிழ்ந்ததென்று தெரியாது. வேர்வையோடு அது எங்கெங்கே இறங்கியதென்பதை மாமா சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. வாய்க்காலுக்குள் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தார். அன்று மட்டும் தட்டவில்லை.

மாமாவுக்குப் பிஸ்டல் கனவு இருக்கிறது. அதை யார் கொடுப்பது? நம்மட நாட்டில் துவக்கு என்றால் 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். பயிர்க் காவலுக்கு ஒற்றைக்குழல் கேட்டாலே கிராம சேவகர், பொலிஸ், கச்சேரி என்று கடிதம் நடக்க வேண்டும். கிடைத்தாலும் லைசன்ஸை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். தற்காப்புக்கென்று தனியாட்களுக்குக் கொடுத்திருந்த துவக்குகளையே 2024 கடைசியில் பாதுகாப்பு அமைச்சு திரும்பக் கொண்டுவரச் சொன்னது. இதைச் செய்தியில் கேட்டபோது மாமா சொன்னது: "பாத்தியா, பெரிய ஆக்களிட மடியும் காலி." அவ்வளவு ஆறுதல்.

மாமாவின் வேதப் புத்தகம் புணானைச் சிறுத்தை. வாழைச்சேனையிலிருந்து பொலன்னறுவைப் பக்கம் போகிறவர்களுக்குப் புணானை தெரியும். நூறு வருஷத்துக்கு முன் அங்கே ஒரு சிறுத்தை ஆள்தின்னியாக மாறி, குறைந்தது 12 பேரைக் கொன்றது. 1924இல் கப்டன் ஷெல்டன் ஏகர் என்ற வெள்ளைக்காரர் அதைச் சுட்டார். பாடம் செய்த உடல் கொழும்பு நூதனசாலைக்குப் போனது. நடந்தது இவ்வளவுதான். மாமாவின் வாயில் அந்த 12 பேர் முதலில் 20 ஆகி, போன வருஷம் 35 ஆகிவிட்டார்கள். ஏகருக்கு மரத்தைக் காட்டிக்கொடுத்தவர் மாமாவின் பாட்டனாராம். சண்டைக் காலத்தில் பஸ்ஸில் இந்தக் கதையை உரத்துச் சொல்லிக்கொண்டு வந்து, சோதனைச்சாவடி கிட்டவும், "மறுகா என்ன, புலி புணானையிலதான் பதுங்கி இரிந்தது" என்று விட்டாரே ஒரு வசனம். பின்சீட்டுப் பெண்ணொருத்தி தன் முந்தானையால் அவர் வாயைப் பொத்தினாள். பஸ்ஸில் இருந்த ஐம்பது பேருக்கும் அந்த நேரத்தில் தேவைப்பட்ட தற்காப்பு அந்த முந்தானைதான்.

நானும் ஒரு கதை சொல்லிப் பார்த்தேன். மேஜர் ரோஜர்ஸ் என்றொருவர் பதுளைப் பக்கம் அதிகாரியாக இருந்தார். 1,400 ஆனைகளுக்கு மேல் சுட்டவர் என்பார்கள். ஆனை அவரை ஒன்றும் செய்யவில்லை. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். மாமா யோசிக்கவே இல்லை. "அண்டைக்கு மடியில ஒண்டும் இல்லாமப் போயிருப்பான்."

இனி அந்த இரவு.

வாகனேரிப் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர். மாசி மாதம், கதிர் பழுத்து நிற்கிறது, இன்னும் நாலு நாளில் வெட்டு. பரணில் நான், காவலுக்கு இருக்கும் முல்லைக்காரத் தம்பி, துணைக்கென்று மாமா. புணானைக் கதை 28ஆவது ஆளில் நிற்கிறது. தம்பி கையைக் காட்டினான்.

"பேசாம இரிங்க மாமா. மணம் வருது."

எனக்கு ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது, மாட்டுப்பட்டியும் சேறும் கலந்தது போல ஒரு வாடை. காட்டோரத்தில் ஒரு கொப்பு முறிந்தது. ஒரே ஒரு முறிவு, பிறகு சத்தமில்லை. தம்பி அதை வைத்தே சொன்னான்: தனி அலியன், வரம்புக்கு அங்கால், காற்று நம்ம பக்கம். அவனிடம் இருந்தது ஒரு தகரமும் ஒரு டோர்ச் லைட்டும். வெறுங்கையோடு காவல் இருக்கிறவனுக்குக் காதும் மூக்கும் எவ்வளவு நீளும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். மாமாவுக்கோ அந்த நேரம் கேட்டதெல்லாம் தன் மடி தன்னைக் கூப்பிட்ட சத்தம்தான். "நான் இரிக்கன்" என்று பரணில் இருந்து இறங்கிவிட்டார்.

கீழே இருட்டு. வரம்பில் அவர் நடக்கும் சளக் சளக் கேட்கிறது. அங்கால் வேறு யாரோ கதிரை உருவும் சத்தமும் கேட்கிறது. நடுவில் நாற்பது அடி இருக்குமோ என்னவோ. ஓடினால் ஆனை மணிக்கு 25 கிலோமீட்டர் போகும். மாமா முழங்கால் வருத்தக்காரர். மடியில் இருந்து ஆனைவெடியை எடுத்துவிட்டார் என்று நிழலில் தெரிந்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். கீழே இருந்து குரல், கல்யாண வீட்டில் வெற்றிலை கேட்பது போல:

"மனே, நெருப்புப்பெட்டி இரிக்கா?"

மாமா சுருட்டை விட்டு இரண்டு வருஷம். டொக்டர் சொல்லி விட்டவர். சுருட்டோடு நெருப்புப்பெட்டியும் போய்விட்டது. வெடி மட்டும் தங்கிவிட்டது. இந்த இரண்டு வருஷமும் அவர் தட்டித் தட்டி எங்களுக்குக் காவல் நின்றது, பற்ற வைக்க ஒரு குச்சி இல்லாத வெடியோடு. தம்பியும் புகைப்பதில்லை. நானும் இல்லை. தம்பி தகரத்தை அடித்த அடியில் என் காது இரண்டு நாள் கூவியது. ஆனை அவசரப்படவில்லை. ஒரு கட்டு உருவி, கால் பாதத்தில் தட்டி மண்ணை உதறி, தின்றுவிட்டுப் போனது. விடிந்ததும் ஊரில் கதை இப்படி: "நான் இறங்கினன். அது போயிற்று."

காலை வெயிலில் வரம்பில் சாக்கை விரித்து மடியைக் காயப் போட்டார். அன்றுதான் முதல் முறை உள்ளே பார்த்தேன். ஆனைவெடி இரண்டு, ஒன்றின் திரி பனியில் ஊறிக் கூழாகியிருந்தது. பாக்கு வெட்டி. சித்தாண்டி முருகன் கோயில் திருநீற்றுச் சரை. மிளகாய்த்தூளின் சிவப்பு இன்னும் போகாத ஒரு துணித்துண்டு. பிறகு, பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, ரப்பர் பாண்ட் போட்ட ஒரு காகிதம். அவிழ்த்தால் துவக்கு லைசன்ஸ். மாமாவின் அப்பா பெயரில், ஒற்றைக்குழல் வேட்டைத் துவக்கு ஒன்றுக்கு. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, கடைசி முத்திரை 1984.

அந்தத் துவக்கை ஒரு இயக்கம் வந்து கேட்டது, கொடுத்தார்கள். பிறகு இன்னொரு இயக்கம் வந்து அதே துவக்கைக் கேட்டது. பிறகு ஆமி வந்து கேட்டது. இல்லாத துவக்குக்காக வாங்கிய அடி, இருந்த துவக்கால் சுட்ட பன்றிகளை விடக் கூட என்று மாமா ஒரு முறை சொல்லியிருக்கிறார், சிரித்துக்கொண்டுதான்.

"இது என்னத்துக்கு மாமா இப்ப?"

"துவக்குத் திரும்பி வந்தா, லைசன்ஸ் இல்லாம எப்பிடி மனே வச்சிரிக்கிற?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். துவக்கு வந்திருந்தால் மாமா சுட்டிருப்பார். சன்னம் பட்டு ஆனை உடனே சாகாது. உடம்பெல்லாம் சீழ் வைத்துத் திரியும், அடுத்த நாள் அந்த வழியால் வருகிறவன் அதற்குக் கணக்குத் தீர்ப்பான். வருகிறவனிடம் மடியும் இருக்காது, கதையும் இருக்காது, சைக்கிள்தான் இருக்கும். 2023இல் மட்டும் இந்த நாட்டில் 450க்கு மேல் ஆனைகளும் 150க்கு மேல் மனிதரும் ஆனை-மனித மோதலில் செத்தார்கள். நமக்குத் தேவை கரண்ட் ஓடுகிற வேலி. போட்ட வேலிக்குக் கட்டை இருக்கிறது, கம்பி இருக்கிறது, கரண்ட் இல்லை. அதைக் கேட்கப் போகும் கூட்டத்துக்கு மாமாவைக் கூப்பிட்டால் வரமாட்டார். அதற்கு மடி தேவையில்லையே.

இப்படி ஏசுகிறேன். போன மாரியில் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு என் மகளுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆனை நிற்கிறதென்று போனில் சொல்லி, ஓட்டோக்காரன் ஒருவனும் வரவில்லை. யார் சொன்னதோ தெரியாது, படலையில் மாமா. வலது கை இடுப்பில். மோட்டார் சைக்கிளில் நான், நடுவில் மகளை அணைத்தபடி மனைவி, பின்னால் கம்பியில் பாதி தொங்கிக்கொண்டு அவர். வழி முழுக்க என் காதில் அந்தத் தட்டு விழுந்துகொண்டே வந்தது. மடியில் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும், நெருப்புப்பெட்டி இல்லையென்றும் தெரியும். ஆனாலும் அது நிற்கக் கூடாதென்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

அடுத்த கிழமை வாழைச்சேனைச் சந்தையில் ஒரு லைட்டர் வாங்கிக் கொடுத்தேன். கண் கலங்கிவிட்டார். மடியில் வைத்து ஏழெட்டு முறை தட்டினார். இரண்டு நாள் கழித்துச் சாரம் தோய்க்கும்போது அது மாமியின் கையில் அகப்பட்டது. மாமா திரும்பவும் சுருட்டுத் தொடங்கிவிட்டார் என்று வீட்டில் பெரிய சண்டை. ஆனைக்கென்று அவர் சத்தியம் செய்தும் மாமி நம்பவில்லை. வாங்கிக் கொடுத்த என்னோடு மாமி இன்னும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

நேற்று வட்டைக்கு வெளிக்கிட்டேன். வாசலில் நிற்கிறார். இரண்டு தட்டு, ஒரு தடவு. மாமி வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி:

"நெருப்புப்பெட்டி எடுத்தியா மனே?"