அண்ணாச்சி கப்பல் ஏறுகிறார்

தூத்துக்குடி முத்தையாபுரத்துக்காரருக்குக் கப்பல் புதிதல்ல. ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் ஸ்பிக் ஆலை, அதற்கப்பால் அனல்மின் நிலையமும் துறைமுகமும். நிலக்கரி இறக்கும் கப்பல், கன்டெய்னர் கப்பல், மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப் போகும் தோணி எல்லாம் அவருக்கு அத்துபடி. ஆனால் அவர் அறிந்த கப்பல்களில் சரக்கு ஏறும், சம்பளத்துக்கு ஆள் ஏறுவான். கைக்காசைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து வருவதற்கென்று ஒருவரும் ஏறியதில்லை. அப்படிப்பட்ட அண்ணாச்சி ஓய்வு பெற்றதும், பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் சொகுசுக் கப்பலில் இரண்டு டிக்கெட் போட்டுவிட்டால், முதல் கப்பல் பயணி என்னும் தனி இனம் ஒன்று பிறக்கிறது. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தவர், கப்பல் ஏறுவதற்காக முத்துநகர் எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்குப் போக வேண்டும் என்பது முதல் வேடிக்கை. அவர் கட்டும் மூட்டைதான் இரண்டாவது. அதைப் பார்த்துத் தெருவே சிரிக்கும். அந்த மூட்டைக்குள் இந்தக் கடற்கரையின் நூறு வருடச் சரித்திரம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் அவர் திட்டமிடும் அழகைப் பார்க்கலாம். கப்பல் ஏறும் நேரம் ராகு காலத்தில் விழுந்தால் அண்ணாச்சி அசர மாட்டார். நல்ல நேரம் பார்த்து முந்தின நாளே ஒரு பையைப் பக்கத்து வீட்டில் பரஸ்தானம் வைத்துவிடுவார்; சாஸ்திரப்படி பயணம் அப்போதே தொடங்கிவிட்டது, இதைக் கப்பல் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. வானிலைக்குச் செல்போன் செயலியை நம்ப மாட்டார். கச்சான் காற்று ஓய்ந்ததா, வாடை எப்போது திரும்பும் என்று பழைய தோணிக்காரர் ஒருவரைத் தேடிப் போய்க் கேட்பார். மகன் காட்சிக்காக உச்சித் தளத்தின் முன்பக்கத்தில் அறை பிடித்திருந்தால், நடுவில், கீழே மாற்றச் சொல்லிச் சண்டை பிடிப்பார். இதில் மகன் தோற்பதே நியாயம். அலையில் கப்பல் ஆடும்போது குறைவாக அசைவது நடுப்பகுதியும் கீழ்த் தளங்களும்தான். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஆட்டத்தை உணர்ந்து, கண் அதை மறுக்கும்போதுதான் குமட்டல் வருகிறது. அண்ணாச்சிக்கு இந்த விளக்கம் தெரியாது. தோணியில் எங்கே படுத்தால் வயிறு புரட்டாது என்பது தெரியும்.

மூட்டைக்கு வருவோம். நான்கு நாள் பயணத்துக்கு ஆறு சாரம், நான்கு வேட்டி. உடுப்பு காயப்போட நைலான் கயிறும் கிளிப்பும். டார்ச் லைட், அதற்கு மாற்று பேட்டரி, பேனாக்கத்தி, குடை. கோடாலித் தைலம், எலுமிச்சம்பழம், இஞ்சி மிட்டாய். ஐந்து லிட்டர் தண்ணீர் கேன். இட்லிப் பொடி, புளியோதரை, எண்ணெய் கசியாதபடி மூன்று உறை போட்ட ஊறுகாய். கப்பலில் யாராவது பழக்கமானால் கொடுப்பதற்கு ஒரு கிலோ மக்ரூன். கருவாட்டுப் பொட்டலம் கடைசி நேரத்தில் மகள் தலையிட்டுத் தடுக்கப்பட்டது. "கப்பல்ல மூணு வேளையும் சோறு போடுவாங்களாம்லா?" என்று வீட்டம்மா கேட்டால், "போடுவான். போடலன்னா நடுக்கடல்ல யார் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவ?" என்பது பதில். ஒவ்வொரு பொருளும் உள்ளே போகும்போது ஒரே மந்திரம் ஒலிக்கும்: "எதுக்கும் இருக்கட்டும்."

இந்த மந்திரம் வானத்திலிருந்து குதித்ததல்ல. பாய் விரித்து ஓடிய தோணிக்குக் காற்றுதான் முதலாளி. அது மனம் மாறினால் இரண்டு நாள் பயணம் எத்தனை நாளாகும் என்று சொல்ல முடியாது. ஆகவே அரிசி, தண்ணீர், விறகு எல்லாவற்றையும் கரையிலேயே கூடுதலாக ஏற்றிக்கொண்டார்கள். பயணிக் கப்பல்களும் இந்த ஊருக்கு அதிகம் நம்பிக்கை ஊட்டவில்லை. வ.உ.சி. 1906-ல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொழும்புக்கு விட்டது. 1911-ல் கம்பெனியே கலைக்கப்பட்டது. அதற்குப் போட்டியாக, கட்டணமே வேண்டாம், ஏறினால் குடையும் இலவசம் என்று வெள்ளைக்காரக் கம்பெனி ஆசை காட்டிய ஊர் இது. அண்ணாச்சி சொந்தக் குடையோடு கிளம்புவதை அந்தக் கணக்கில் மன்னிக்கலாம். ஒரு நூற்றாண்டு கழித்து, 2011 ஜூனில் ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற பயணிக் கப்பல் இங்கிருந்து கொழும்புக்கு ஓடத் தொடங்கியது. அந்த வருடம் முடிவதற்குள் நின்றது. 2022 ஜூன் 4-ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் சென்னையில் கொடியசைத்துத் தொடங்கிவைத்த எம்பிரஸ் சொகுசுக் கப்பல்கூட, அதே மாதம் புதுச்சேரிக் கடலோரம் வரை போய், பயணிகளை இறக்க அனுமதி கிடைக்காமல் திரும்பியது. இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் ஊறுகாய் எடுத்துப் போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மூட்டை கட்டுவதில் தமிழர் எல்லோரும் ஒன்றுதானே, ரயிலுக்கும் இப்படித்தானே கட்டுகிறார்கள் என்று கேட்கலாம். ரயில் மூட்டை ருசிக்காகவும் சிக்கனத்துக்காகவும் கட்டப்படுவது. எதையாவது மறந்தாலும் மணியாச்சியில் டீ கிடைக்கும், கோவில்பட்டியில் கடலைமிட்டாய் கிடைக்கும். ரயிலுக்கு யாரும் நைலான் கயிறும் மாற்று பேட்டரியும் எடுத்துப் போவதில்லை. இதெல்லாம் பகட்டு என்று சொல்பவரும் உண்டு. பெட்டியின் மேலடுக்கைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்: மகன் வாங்கித் தந்த பூப்போட்ட சட்டை, கறுப்புக் கண்ணாடி, அளவு பொருந்தாத கோட்டு. கப்பல் சாப்பாட்டு மேசையில் மானம் கப்பலேறிவிடக் கூடாதே என்ற கவலை அதில் தெரிகிறது. ஆனால் பகட்டு ஓரடுக்கோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே அடிவரை இருப்பது முழுக்கக் கடல் பயம்தான்.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. இன்றைய கப்பலில் எல்லாம் இருக்கிறதே, பிறகு எதற்கு இவ்வளவு சுமை? இதற்கு அண்ணாச்சியிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. எம்பிரஸ் 1990-ல் கட்டப்பட்ட, 200 மீட்டரைத் தாண்டிய நீளமுள்ள, 11 தளக் கப்பல். இத்தகைய கப்பல்கள் கடல்நீரையே குடிநீராக்கிக்கொள்கின்றன. மருத்துவர் உண்டு, சமையலறை ஓய்வதே இல்லை. இங்கே தேவைப்படுவது வேறு வகை முன்யோசனை. பெரிய பெட்டியை ஏறும்போதே வாங்கிக்கொள்வார்கள். அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் மாத்திரையும் மாற்றுத்துணியும் வேண்டுமென்றால் அவை கைப்பையில் இருக்க வேண்டும். அண்ணாச்சியோ கைப்பையில் மக்ரூனை வைத்துக்கொண்டு ரத்த அழுத்த மாத்திரையைப் பெரிய பெட்டியின் அடியில் பத்திரப்படுத்தியிருப்பார். இஸ்திரிப் பெட்டி, கெட்டில் போன்ற சூடாகும் சாதனங்களுக்குத் தீ அபாயம் கருதித் தடை. கத்தி பரிசோதனையிலேயே போய்விடும், வெளிச் சாப்பாடும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். எஞ்சியதை வைக்க அறையில் இடம் இருக்காது.

ஆனாலும் அவருடைய பயத்தை முழுதாகத் தள்ளிவிட முடியாது. கப்பல் புறப்படும் நேரத்தில் ஆபத்துக்காலப் பயிற்சி ஒன்று உண்டு. 1912-ல் டைட்டானிக் மூழ்கியதன் விளைவாகப் பிறந்த சர்வதேசப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் வழியில் வந்தது அது. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பலருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகே, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்று விதி இறுகியது. பயணிகளில் பாதிப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், மிதவை அங்கியின் ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பார்த்து, படகு எந்தப் பக்கம் என்று இரண்டு முறை விசாரிக்கும் ஒரே ஆள் நம் அண்ணாச்சியாகத்தான் இருப்பார். கடலை அறிந்தவர் கடலுக்குப் பயப்படுகிறார். அந்தப் பயத்தைத் தண்ணீர் கேனில் அடைத்தது மட்டுமே பிழை.

ஆகவே முதல் முறை கப்பல் ஏறுகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். கயிறு, கத்தி, கேன், கெட்டில் நான்கையும் வீட்டில் விட்டுவிடுங்கள். அடையாள அட்டை, வெளிநாடு போனால் பாஸ்போர்ட், மாத்திரை, ஒரு மாற்றுடை, இவற்றைக் கைப்பையில் வையுங்கள். பயிற்சிக்கு மணி அடித்ததும் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். திருச்செந்தூர் இலை விபூதி மட்டும் எதுக்கும் இருக்கட்டும். அதற்கு எந்தக் கப்பலிலும் தடை கிடையாது.