உதவித்தொகை விண்ணப்பத்தில் இனிஷியல் படும் பாடு: ஓர் ஆய்வு

தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வை ஊரில் என்எம்எம்எஸ் என்பர். 2008இல் தொடங்கிய திட்டம். எட்டாம் வகுப்பில் எழுதி வென்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். மனத்திறனுக்கு 90 வினா, படிப்பறிவுக்கு 90 வினா, ஆக 180 என்பது அறிஞர்தம் துணிபு. அது பொருந்தாது. என்னை? அந்த 180க்கும் முந்திய தேர்வொன்று உண்டு. அதை எழுதுவது குடும்பம்.

பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. பிள்ளையின் அறிவை அளக்க மூன்று மணி நேரம் போதுமென்று கண்ட அரசு, அப்பாவின் வருமானத்தை அளக்க இ-சேவை மையம், விஏஓ, ஆர்ஐ, வட்டாட்சியர் அலுவலகம் என்று வரிசை வைத்திருக்கிறது. நாட்கூலியை ஆண்டுக்குப் பெருக்குங்கால் மழை நாளைக் கழிப்பதா, நூறு நாள் வேலையைக் கூட்டுவதா என்பதில் உரைவேறுபாடு உண்டு. “வருமானம் எவ்வளவுங்க?” என்ற வினாவுக்குத் தந்தையர் பலரும் “நீங்களே பாத்துப் போடுங்க சார்” என்கின்றனர். நாம் கண்டவற்றுள் நேர்மையான விடை இதுவே. பெண் பார்க்கப் போன இடத்தில் அதே தந்தை சொன்ன தொகை வேறு. அதைத் தரவாகக் கொள்ளவில்லை.

இனி, இனிஷியல். பள்ளிப் பதிவேட்டில் அது பெயருக்கு முன்னால் நிற்கும். ஆதாரில் பின்னால் போகும். வங்கிப் பாஸ்புக்கில் அப்பா பெயராகவே விரிந்து கிடக்கும். தோன்றல், திரிதல், கெடுதல் என்று இலக்கணிகள் சொன்ன மூன்று விகாரமும் இங்கே ஒருங்கே நிகழ்கின்றன: இடைவெளி தோன்றும், எழுத்து திரியும், புள்ளி கெடும். இலக்கணம் படித்தவர்க்கு இவையெல்லாம் ஒரே பிள்ளை. கணினிக்கோ மூன்று பிள்ளைகள். பெயரில் ழகரம் இருந்துவிட்டால் ஆங்கிலத்தில் ஆவணத்துக்கொரு வடிவம் எடுக்கும். ஆகவே, தூய தமிழ்ப் பெயர் வைத்த பெற்றோர்க்குத் திருத்த அலைச்சல் கூடுதல் என்னும் கருதுகோளை முன்வைக்கிறோம். மறுப்பார் மறுக்கலாம், ஆதார் நகலோடு வருக.

இவ்வளவையும் சரிபார்த்து ஏற்றும் பொறுப்பு பள்ளியில் ஒரே ஆசிரியர் தலையில் விழுவது மரபு. கணினி தெரியும் என்று என்றோ ஒருநாள் தலையாட்டியது அவர் முன்வினை. மதிய இடைவேளையில் இணையம் வராது. வரும்போது ஓடிபி வராது. வந்த ஓடிபியும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருக்கும் மாமாவின் கைபேசிக்குப் போயிருக்கும். ஆதாரில் கொடுத்த எண் அவருடையது.

தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விடுபட்ட எண், கண்ணாடி பிம்பம் முதலியவற்றைப் பிள்ளைகள் அலட்சியமாகப் போட்டுவிட்டு வந்து தேங்காய் பன் தின்கின்றனர். இரு தாளும் சேர்த்து 40 விழுக்காடு, பட்டியலினத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் 32, எடுத்தால் போதும். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 6,695 இடம் என்பதால் போதாது.

வென்றபின் வேலை முடிந்தது என்பாரும் உளர். அவர் புதுப்பித்தலை அறியார். அது ஆண்டுதோறும் வரும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடும் கேட்கும். அதற்குள் மாமா பழைய சிம்மைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு எண் வாங்கியிருந்தால் யாது செய்வது என்பது தனி ஆய்வுக்குரியது.