பிறவிக் குறையா, பின்வந்த வினையா? நாணயக் கோணல் பற்றிய நுண்ணாய்வு

நசுங்கிய ஒரு ரூபாய் விஷயத்தில் தமிழ் ஆய்வுலகம் காட்டிவரும் அலட்சியம் மன்னிக்கத் தக்கதன்று. கோணலான நாணயம் கையில் சிக்கியதும் சாமானியர் அதை டீக்கடையில் தள்ளிவிடப் பார்க்கிறார். சேகரிப்பாளரோ அதை ‘எரர் காயின்’ என்று பஞ்சில் பொதிந்து பீரோவில் வைக்கிறார். இவ்விருவருள் யார் கட்சி சரி என்பதே இவ்வாய்வின் பொருள்.

முதற்கண் வரையறை. நாணயச்சாலையின் வாசலைத் தாண்டுமுன் நேர்ந்தது பிழை. தாண்டியபின் நேர்ந்தது சிதைவு. இந்தியாவில் இத்தகைய வாசல்கள் நான்கு. ஆண்டுக்குக் கீழே சாய்சதுரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. (குறி விடுபட்டதே அரும்பெரும் பிழை என்று கொல்கத்தா நாணயங்களைப் பூட்டி வைத்திருப்போரை இவ்வாய்வு அன்புடன் கடந்து செல்கிறது.)

அடுத்து, மேடு-பள்ளக் கோட்பாடு. வளையத்துக்குள் வெற்று வில்லையை வைத்து, மேலும் கீழும் அச்சால் அழுத்துவதே நாணயம் அடித்தல். அச்சில் விரிசல் விட்டிருந்தால் உலோகம் அதற்குள் புகுந்து, நாணயத்தில் மேடான கோடாக எழும். கீறலோ பள்ளம், ஏர் ஓட்டிய சால்போல இரு கரையிலும் உலோகம் ஒதுங்கி நிற்கும். ஆகவே மேடு பிழை, பள்ளம் சிதைவு என்க. இதற்குப் புறனடையும் உண்டு. புறனடை இல்லாத விதியை எந்த அறிஞர் மதிப்பார்? வில்லைக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு நூல் சிக்கினாலும் பள்ளம் விழும். ஆனால் அங்கே கரை எழும்பாது. ஆதலால் அதுவும் பிழையே.

பிழைகளுள் தலையாயது சேகரிப்பாளர்கள் ‘லாக்கி’ என்பது. அடித்த நாணயம் வெளியேறாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வில்லையின் ஒரு முகத்தில் உருவம் ஒழுங்காகவும், மறுமுகத்தில் அதே உருவம் இடவலம் மாறிக் குழிவாகவும் பதியும். லாக்கிக்கு நல்ல விலை உண்டென்று கேள்விப்பட்ட பட்டறை மேதைகள், இரண்டு நாணயங்களைச் சேர்த்து வைஸில் இறுக்கிப் புதியதொரு மரபையே தோற்றுவித்துள்ளனர். குழிவுருவம் கிடைத்துவிடுகிறது, ஆனால் அதனடியில் பழைய உருவம் பாதி அழிந்து எட்டிப் பார்க்கிறது. உண்மை லாக்கியில் அடியில் ஒன்றும் இராது, ஏனெனில் அது வெற்று வில்லையில் விழுந்தது.

இனி கடிபட்ட நாணயம். தகட்டில் வில்லை வெட்டும்போது, முன்பே வெட்டிய ஓட்டையின்மீது வெட்டு விழுந்தால் ஓரம் பிறை வடிவில் குறையும். அப்போது நேரெதிர் விளிம்பும் பெரும்பாலும் மழுங்கிப் போகும்; விளிம்பை உயர்த்தும் இயந்திரத்தில் அந்த இடத்துக்குப் போதிய அழுத்தம் கிடைக்காததே காரணம். அரத்தால் ராவிப் பிறை செய்வோருக்கு எதிர்க்கரையையும் மழுக்க வேண்டும் என்று தோன்றுவதில்லை. கல்வியின்மையின் கேடு இது.

எடைத்தராசும் நல்ல சாட்சி. 2019க்கு முந்தைய 10 ரூபாயின் எடை 7.71 கிராம், அதில் வெளிவளையம் 4.45, நடுவட்டம் 3.26. நடுவட்டம் இல்லாத வளையம் கிடைத்தால் துள்ளிக் குதிக்குமுன் உள்விளிம்பைப் பார்க்க. சுத்தியல் தடம் இருந்தால் அது நாணயச்சாலைச் சுத்தியல் அன்று.

ஓட்டை ஒன்று போதும் சிதைவு என்று முடிவுகட்ட, என்பார் ஒரு சாரார். அவர்களை மறுக்க 1943இல் வந்த ஓட்டைக் காலணாவே சான்று. போர்க்காலத்தில் உலோகம் மிச்சம்பிடிக்க அரசே போட்ட ஓட்டை அது. பிழையும் அன்று, சிதைவும் அன்று, சிக்கனம். அதுபோல 10 ரூபாயில் உள்ள கதிர்க்கோடுகளை எண்ணி எது செல்லும் என்று சண்டையிடுவோரும் அறிக: புழக்கத்தில் இருந்த 14 வடிவங்களும் செல்லும் என்று 2018இல் ரிசர்வ் வங்கியே அறிவித்தது.

ஆய்வின் முடிவு: பீரோவில் பஞ்சுக்குள் உறங்குபவற்றுள் பெரும்பாலானவை டீக்கடைக்கு உரியவை. ‘உங்கள் நாணயம் லட்சம் பெறும், முதலில் கட்டணம் கட்டுங்கள்’ என்று ரிசர்வ் வங்கியின் பெயரில் யாராவது அழைத்தால், அது மோசடி என்று அதே வங்கி 2021இல் எச்சரித்ததை நினைவில் வைத்து, ஓட்டைக் காலணாகூடக் கொடுக்காதீர்கள்.