கழுகடியில் சந்திப்போம்

கேள்வி: அமெரிக்காவில் அரண்மனை போலக் கட்டிய பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் கதி என்ன?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: பிலடெல்பியாவின் வானமேக்கர்ஸைப் பாருங்கள். டேனியல் பர்னம் வடிவமைத்த 12 மாடிக் கட்டடம். 1911-இல் அதிபர் டாஃப்டே வந்து திறந்துவைத்தார். நடுமுற்றத்தைச் சுற்றிப் பளிங்கு வளைவுகள், மேலே 28,000-க்கும் அதிகமான குழல்களோடு ஆர்கன், தரையில் வெண்கலக் கழுகு. ‘கழுகடியில் சந்திப்போம்’ என்பதே ஊரார் பேச்சு.

புறநகர் மால்கள் பாதிக் கூட்டத்தை இழுத்தன. மீதியை இணையம் இழுத்துக்கொண்டது. கடைசியாக அந்தக் கட்டடத்தில் இருந்த மேசிஸ் கடையும் 2025 மார்ச்சில் மூடியது. ஆனாலும் முற்றத்துக்குப் பாரம்பரியச் சட்டம் காவல் நிற்கிறது.

சட்டை எங்கும் கிடைக்கும். பையில் காசில்லாதவரும் நுழைந்து அண்ணாந்து பார்க்கும் முற்றம் கிடைக்காது. அதைக் காப்பது ஊரின் கடமை!