ஒண்ணும் பண்ணாது

அரை லிட்டர் தயிருக்காக ஒரு சைபீரியன் ஹஸ்கியைத் தாண்ட வேண்டி வந்தது. போகும்போது ஒரு தடவை, பாக்கெட்டோடு திரும்பும்போது ஒரு தடவை. சனிக்கிழமை நடந்தது. வலது முழங்காலுக்கு இன்னும் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

திருவான்மியூரில் நாங்கள் வழக்கமாகப் போகிற டிபார்ட்மென்டல் ஸ்டோர். வாசலில் செக்யூரிட்டி என் மஞ்சப்பையை வாங்கி, உதறிப் பார்த்து, தட்டில் வைத்துவிட்டு 27 என்று போட்ட டோக்கன் கொடுத்தார். மஞ்சப்பை எடுத்து வாருங்கள் என்று அரசாங்கம் 2021-லிருந்து கூவுகிறது. எடுத்துப் போனால் வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள். உள்ளே எதையாவது பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேனோ என்ற சந்தேகம். நியாயம்தான், கண்ணாடியில் பார்த்தால் எனக்கே சில நாள் அப்படித் தோன்றும்.

உள்ளே, அப்பள வரிசை முடிகிற மூலையில்தான் தயிர் ஃப்ரிட்ஜ். அதன் முன்னால் நாலு காலையும் நீட்டிக்கொண்டு, இரட்டைக் கட்டில் தலையணை இரண்டைச் சேர்த்து வைத்த அளவில், வெள்ளையும் சாம்பலுமாக அது படுத்திருந்தது. யாராவது எட்டிக் கதவைத் திறந்தால் குளிர்காற்று கீழே இறங்குமல்லவா, அப்போது மட்டும் தலையைத் தூக்கி, ‘நல்லா இருங்க’ என்று ஒரு பார்வை பார்க்கும். கதவு மூடியதும் மோவாய் மறுபடி டைல்ஸுக்குப் போய்விடும். சங்கிலியின் மறுமுனையில் அரை டிராயர் போட்ட ஒரு பையன், காதில் எதையோ சொருகிக்கொண்டு, செல்போன் பார்த்தபடி நின்றிருந்தான்.

நான் நின்றேன். செருமினேன். பையன் நிமிர்ந்தான்.

“ஒண்ணும் பண்ணாது அங்கிள், தாண்டிப் போங்க.”

“இதை ஏம்ப்பா கடைக்குள்ள கொண்டுவந்தே?”

“வெயில்ல அவன் ரொம்பக் கஷ்டப்படறான் அங்கிள். வீட்ல கரண்ட் இல்ல, இன்வெர்ட்டர்ல ஏசி ஓடாது. கரண்ட் வந்ததும் போயிடுவோம்.” பிறகு குனிந்து, “தம்பி, அங்கிளுக்கு வழி விடு” என்றான்.

தம்பி விடவில்லை.

பனியில் வண்டி இழுத்த வம்சம். அதைக் கொண்டுவந்து அக்னி நட்சத்திரத்தில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் வைத்தால் அது பாவம் எங்கே போகும்? தயிர் ஃப்ரிட்ஜுக்குத்தான் போகும். நாயின் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கடையில் அன்றைக்குச் சரியான காரணத்தோடு வந்திருந்தது அது ஒன்றுதான். பையன் கடைசியில் ஒரு சூயிங்கம் வாங்கினான்.

இந்தப் பிரச்சினைக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. எளிய யோசனை. நாய் வளர்ப்பவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கடைக்காரருக்கும் பைசா செலவில்லை. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்த ‘ஒண்ணும் பண்ணாது’ என்ற வாக்கியத்தை ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். மறுக்காதீர்கள். லிஃப்டில் சொன்னீர்கள், மருந்துக்கடையில் சொன்னீர்கள், எலியட்ஸ் பீச்சில் காலை ஆறரைக்கு என்னிடமே சொன்னீர்கள். இரண்டே சொல். ஆனால் உத்தரவாதம் என்று பார்த்தால் எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் இவ்வளவு தர மாட்டான். ‘பண்ணவில்லை’ என்றால் இதுவரை இல்லை என்று அர்த்தம். ‘பண்ணாது’ என்றால் நேற்றும் இல்லை, இன்றும் இல்லை, என்றென்றைக்கும் இல்லை. தமிழில் இப்படி ஒரு வினைமுற்று இருப்பதே நாய் வளர்ப்பவர்களுக்காகத்தானோ என்று சந்தேகமாக இருக்கிறது. அதில் ‘ஒண்ணும்’ வேறு. கடிக்காது என்று சொன்னால் போதாதா? கடிக்காது, நக்காது, மேலே தாவாது, வெங்காயக் கூடையில் காலைத் தூக்காது, எதுவுமே பண்ணாதாம்.

உலகத்தில் வேறு யாரையாவது இப்படி அறிமுகப்படுத்துகிறோமா? பெண் பார்க்க வந்த இடத்தில், “மாப்பிள்ளை ஒண்ணும் பண்ண மாட்டார், உள்ள வாங்க” என்று சொல்லிப் பாருங்கள். என் மைத்துனனைப் பற்றித் தாராளமாகச் சொல்லலாம். பத்து வருஷமாக ஒன்றும் பண்ணவில்லை, இனியும் பண்ணுவதாகத் தெரியவில்லை. ஆனால் அவனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகும்போது நான் யாரிடமும் அப்படிச் சொல்வதில்லை. யாரும் பயப்படுவதுமில்லை.

தூரம் குறையக் குறைய இந்த வாக்கியம் வேஷம் மாற்றும், கவனித்திருக்கிறீர்களா? நாய் பத்தடி தள்ளி இருந்தால், “ஒண்ணும் பண்ணாது.” மூக்கு நம் முழங்காலுக்குப் பின்னால் ஈரமாக வந்து ஒட்டினால், “சும்மா மோந்து பாக்குது.” முன்னங்கால் இரண்டும் நெஞ்சில் ஏறிவிட்டால், “அதுக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு.” பல்லில் வேட்டி நுனி சிக்கினால், “விளையாடுது.” இடையில் எங்கேயாவது, “பயப்படாதீங்க, பயந்தா அதுக்குத் தெரிஞ்சிடும்” என்பார்கள். வருமான வரிக்காரர் வீட்டுக்குள் வந்தபிறகு நகையை ஒளிப்பது போல, பயத்தை அந்த இடத்திலேயே எங்கேயாவது ஒளித்து வைக்க வேண்டும். கடைசிப் படி, ரத்தம் வந்தபிறகு: “இதுவரைக்கும் இப்படிப் பண்ணினதே இல்லியே! நீங்க என்ன பண்ணீங்க?”

இந்தக் கடைசி வரியை நான் முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு எட்டு வயது. மாயவரம், 1976. கோப்பையை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குக் காப்பிப்பொடி கடன் கேட்கப் போனேன். திண்ணையில் ஜிம்மி. “ஒண்ணும் பண்ணாதுடா, உள்ள வா” என்றார் மாமி. போனேன். இடது ஆடுசதையில் வாங்கினேன். “இதுவரைக்கும் இப்படிப் பண்ணினதே இல்லியே! நீ என்னடா பண்ணினே?” என்றார் மாமி. காப்பிப்பொடி கொடுத்துவிட்டார், அதைச் சொல்லவேண்டும்.

அதன்பிறகு பெரியாஸ்பத்திரியில் பதினான்கு நாள், பதினான்கு ஊசி, தொப்புளைச் சுற்றி. இப்போதெல்லாம் தோளில் நாலைந்து ஊசியோடு விட்டுவிடுகிறார்கள். அன்றைய மருந்து ஆட்டு மூளையிலிருந்து தயாரித்தது, 2005 வாக்கில்தான் நம் நாட்டில் அதை நிறுத்தினார்கள். எங்கள் ஊருக்கு அது குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலிருந்து வருகிறது என்று அப்பா பெருமையாகச் சொன்னார். 1907-லிருந்து நடக்கிற இடமாம். எனக்கு அந்தப் பெருமையில் பங்கு கிடைக்கவில்லை. கம்பவுண்டர் ஒவ்வொரு நாளும் நேற்றைய இடத்தை விரலால் தடவிப் பார்த்து, புள்ளிக் கோலம் போடுகிறவர் மாதிரி அடுத்த புள்ளியைத் தேர்ந்தெடுப்பார். கடித்த நாயைப் பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனிக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால் ஜிம்மிக்குப் பத்து நாளும் திண்ணையில் பாலும் சோறும் நடந்தது. பதினோராம் நாள் அது என்னைப் பார்த்து வாலாட்டியது. அப்பா மீதி மூன்று ஊசியையும் விடவில்லை.

கோபம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிந்திருக்கும். யோசனைக்கு வருகிறேன்.

அதற்குள் ஒன்று. நாயை எங்கே விடலாம், எங்கே விடக்கூடாது என்பது ஏதோ இன்றைக்குக் கிளம்பிய தகராறு என்று நினைக்க வேண்டாம். மகாபாரதமே இதில்தான் தொடங்குகிறது. ஆதி பர்வத்தின் ஆரம்பத்தில் ஜனமேஜயன் குருக்ஷேத்திரத்தில் யாகம் பண்ணுகிறான். ஒரு நாய்க்குட்டி உள்ளே வந்துவிடுகிறது. அவன் தம்பிகள் மூன்று பேர் அடித்துத் துரத்துகிறார்கள். குட்டி அழுதுகொண்டே போய் அம்மாவிடம் சொல்கிறது. அம்மா சரமா, தேவலோகத்து நாய், நேராக யாகசாலைக்கே வந்து கேட்கிறாள்: என் பிள்ளை எதையும் நக்கவில்லை, ஏறெடுத்தும் பார்க்கவில்லை, ஏன் அடித்தீர்கள்? இலக்கியத்தில் நான் பார்த்த முதல் ‘ஒண்ணும் பண்ணல’ இதுதான். அதைச் சொன்னதும் நாய். அது உண்மையும்கூட. பதில் வரவில்லை. எதிர்பாராத நேரத்தில் உனக்கு ஒரு பயம் வந்து சேரும் என்று சபித்துவிட்டுப் போனாள். ஜனமேஜயனுக்குச் சொன்னது தயிர் ஃப்ரிட்ஜ் வரைக்கும் நீண்டிருக்கிறது.

முடிவதும் அப்படித்தான். அஸ்தினாபுரத்திலிருந்து பின்னாலேயே வந்த நாயோடு தருமர் மேலே போய்ச் சேர்கிறார். இந்திரன் தேரை நிறுத்திவிட்டு, நாயோடு வருகிறவர்களுக்குச் சொர்க்கத்தில் இடமில்லை என்கிறான். இந்திரனைப் பாருங்கள், எவ்வளவு தெளிவு! அவன் மஞ்சப்பையைப் பற்றிக் கேட்கவே இல்லை. தருமர் எவ்வளவோ வாதாடுகிறார். அண்டி வந்ததைக் கைவிடுவது பாவம் என்கிறார், அப்படியொரு சொர்க்கமே வேண்டாம் என்கிறார். ஆனால் ஒரு இடத்திலாவது, “ஒண்ணும் பண்ணாது இந்திரா, தேர்ல ஏத்து” என்று சொன்னாரா? சொல்ல மாட்டார். அசுவத்தாமன் விஷயத்தில் ஒருமுறை வாயை விட்டு, தேர் தரையில் இறங்கிய அனுபவம் இருக்கிறது. கடைசியில் அந்த நாய் தருமதேவதையாக மாறியதும், வந்தது வினை. அன்றிலிருந்து சங்கிலி பிடித்த ஒவ்வொருவருக்கும் தம் நாயும் அதுவே என்று ஒரு நினைப்பு. நான் இந்திரன் கட்சி.

அந்தக் காலத்து வீட்டு கேட்டுகளில் ஒரு தகரப் பலகை தொங்கும். ‘நாய்கள் ஜாக்கிரதை.’ சில வீட்டில் நாயே இருக்காது, பலகை மட்டும் இருக்கும். எவ்வளவு நாணயமான இலக்கியம்! உள்ளே நாய் இருக்கிறது, கடிக்கும், உன் பாடு. இப்போது கண்ணாடிக் கதவில் ‘பெட் ஃப்ரெண்ட்லி’ என்று ஒட்டுகிறார்கள். அதைப் படித்தால் யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று புரியவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 2025-ல் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. கடைசித் தேதி நவம்பரிலிருந்து டிசம்பருக்குத் தள்ளித் தள்ளிப் போனது, நம்முடைய எல்லாக் கடைசித் தேதியும் போல. வெளியே கூட்டிப் போனால் சங்கிலி வேண்டும், வாய்மூடி வேண்டும் என்றும் சொன்னார்கள். வாய்மூடி விற்றுத் தீர்ந்தது. எங்கள் தெருவிலேயே நாலு பேர் வாங்கினார்கள். காலையில் வாக்கிங் போகும்போது தவறாமல் எடுத்துப் போகிறார்கள், கையில். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு பைக் ஓட்டுகிற ஊர், வேறு எப்படிப் போகும்?

ரயில்வே மட்டும் ஒழுங்கு. நாயை உடன் வைத்துக்கொள்ள ஆசையென்றால் ஃபர்ஸ்ட் ஏசியில் கூப்பேயை முழுசாக எடு, இல்லையென்றால் கார்டு வண்டியில் இருக்கிற பெட்டியில் அடை. நடுவில் பேச்சே கிடையாது. நான் ஆர்ஏசியில் பக்கத்து சீட்டுக்காரர் குறட்டையோடு கோவை போயிருக்கிறேன். நாய்க்கு ஆர்ஏசி இல்லை.

சரி, ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், எப்படியும் தெருவில் யாராவது சொல்லிவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. பெண் ரோட்டோரம் பொறுக்கி வந்தது, மழையில் நனைந்த குட்டியாக. பெயர் சுண்டல். வளர்க்கிறேன் வளர்க்கிறேன் என்று குதித்தவள் வேலை கிடைத்து புனேவுக்குப் போய்விட்டாள். சுண்டல் என்னோடு இருக்கிறது. டீக்கடைக்கு என்னோடுதான் வரும். மாஸ்டர் எனக்கு முன்னால் அதற்குத்தான் பொறை எடுத்துப் போடுவார். இஸ்திரி வண்டிக்கும் வரும். போன மாதம் ஏடிஎம் உள்ளேயும் வந்தது, அங்கே ஏசி இருக்கிறது. பணம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, கார்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். நல்ல குரலில், புன்னகையோடு சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எங்கள் எதிர் வீட்டுத் திண்ணையில் கோப்பையோடு நின்ற பையன் தெரிந்தான். ஆனால் சுண்டல் நிஜமாகவே ஒன்றும் பண்ணாது.

யோசனையைச் சொல்லிவிடலாம் என்றால் சுண்டல் கதவைப் பிறாண்டுகிறது. வெளியே போகிற நேரம் வந்துவிட்டது. தயிரும் தீர்ந்துவிட்டது.

தயிருக்கு இப்போதெல்லாம் தெருமுனை அண்ணாச்சி கடைதான். சுண்டலை வெளியே கம்பத்தில் கட்டிவிடுவேன். ஏசி கிடையாது, டோக்கன் கிடையாது, மஞ்சப்பையை அவரே வாங்கிச் சாமானைப் போடுவார். உள்ளே பொன்னி அரிசி மூட்டைமேல் ஒரு பழுப்புப் பூனை எப்போதும் படுத்திருக்கும், எலிக்காக வைத்திருக்கிறார். முதல் நாள் நான் அதன் பக்கம் கையை நீட்டியதும் தராசிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

“பிறாண்டிரும் சார், தள்ளி நில்லுங்க.”

அரை லிட்டர் வாங்கப் போனவன் ஒரு லிட்டர் வாங்கி வந்தேன்.