அடைபடாத துப்பாக்கி

இடுப்பில் செருகும் சிறு கைத்துப்பாக்கியின் நம்பகத்தன்மையை, சுட்டபின் தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியேறாமல் மாட்டிக்கொள்ளும் ‘அடைப்பு’ எத்தனை முறை நேர்கிறது என்பதைக் கொண்டே அயல்நாட்டார் அளக்கின்றனர். மதுரை வட்டாரத்தார் இவ்வளவுகோலை என்றோ கடந்துவிட்டனர். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்று, 9 மி.மீ. துப்பாக்கி பொதுமக்களுக்கு விலக்கப்பட்டிருப்பதால் .32 வகையை வாங்கும் மேலூர்ப் பெரியவர், அதனை உறையோடு பீரோவில், பட்டுவேட்டிக்கும் பத்திரக்கட்டுக்கும் நடுவே வைத்துப் பூட்டிவிடுவதால், அது ஒருமுறையேனும் அடைபட்டதில்லை, குறி தவறியதுமில்லை. தேர்தல் அறிவிக்கப்பட்டு, ஊர்ப்பகை முற்றி, தற்காப்பு மிகவும் தேவைப்படும் வேளையில் அது முறைப்படி காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்படுவதால், உரிமையாளர் எப்படியிருப்பினும் துப்பாக்கிக்கு முழுப் பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது. தேர்தல் முடிந்து வீடு திரும்பியபின் அது களவுபோனால் தம்மீதே வழக்கு வருமோ என அஞ்சும் பெரியவர், அதனைக் காப்பதற்கென்றே கோம்பை நாய் ஒன்றை வளர்க்கிறார். அந்நாய்க்கு ஆயுத உரிமம் புதுப்பிக்க வேண்டியதில்லை, தோட்டா வாங்க வேண்டியதில்லை, தேர்தலுக்குத் தேர்தல் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியதுமில்லை. நள்ளிரவில் ஒருமுறையும் அடைபடாமல் அது தொடர்ந்து குரைக்கிறது.