சிப்காட்டுக்குப் பந்தய சைக்கிள்

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட் வேலைக்கு 'ரோடு பைக்' எனப்படும் பந்தய சைக்கிளில் தினமும் போய்வர முடியுமா?

பதில்: தாராளமாக முடியும், டயரை மாற்றினால்! கடலோரச் சமவெளி என்பதால் மேம்பாலங்களைத் தவிர ஏற்றமே கிடையாது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மிதித்தால் 10 கி.மீ. தூரம் அரை மணி நேரம்தான். பந்தய சைக்கிளின் எடை ஏறத்தாழ 10 கிலோ. பால்காரரின் சைக்கிள் அதைப்போல இரு மடங்கு.

பகை டயரில் இருக்கிறது. 23, 25 மி.மீ. அகல டயர் வழவழப்பான சாலைக்கானது. இங்கோ உருக்காலைகளுக்குப் பழைய இரும்பு ஏற்றிவரும் லாரிகள் வழியெல்லாம் துணுக்குகளைச் சிந்துகின்றன. சட்டகம் இடம் கொடுத்தால் 28 அல்லது 32 மி.மீ. அகலத்தில், உள்ளே பாதுகாப்புப் பட்டை வைத்த டயரே நல்லது. அகலம் கூடும்போது குறைந்த காற்றழுத்தம் போதும். குழியில் இறங்கினாலும் மணிக்கட்டு பிழைக்கும். இவ்வகை டியூப்களில் பெரும்பாலும் ஒல்லியான பிரெஸ்டா வால்வு இருக்கும். பஞ்சர் கடை பம்பு அதில் பொருந்தாது; சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று சட்டைப்பையில் இருந்தால் எந்தக் கடையும் கைகொடுக்கும்.

இரவு ஷிப்டு முடிந்து திரும்புவோர் தேசிய நெடுஞ்சாலை 16-ன் கனரக வாகனங்களோடு போட்டியிடாமல் சர்வீஸ் சாலையில் செல்வதே உத்தமம். பின்புறச் சிவப்பு விளக்கு கட்டாயம் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்கார்டு மாட்டினால் சீருடை சேறாகாது.